முதலில் உள்ளே போகிறவள்

வல்லம் வடகாலில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற ஆலை ஒன்று இருக்கிறது. பெனிட்டா அங்கே தரப் பரிசோதனையில் வேலை பார்த்தாள். வீடு குன்றத்தூரில். அப்பா யாகப்பன் வெல்டர், தங்கை ரோஸி கல்லூரியில் படிக்கிறாள். ஆலைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே கம்பெனி பஸ்ஸில் போகிற நேரமும் வருகிற நேரமும்தான் அவளுக்கென்று இருந்த நேரம். மற்றப் பெண்கள் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். பெனிட்டா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டிருப்பாள்.

கைபேசியில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதுகிற துப்பாக்கி ஆட்டம் அது. ஒரு அணி ஊருக்குள் புகுந்து, ஏ அல்லது பி என்ற இரண்டு இடங்களில் ஒன்றில் குண்டு வைக்க வேண்டும். இன்னொரு அணி தடுக்க வேண்டும். செத்தவர் அந்தச் சுற்று முடிகிறவரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்த சுற்றில் எல்லோருக்கும் மறுபடி உயிர் வரும்.

ஆலையிலேயே ஒரு அணி சேர்ந்தது. துணி வெட்டும் பிரிவில் இருந்த டெனிசன், தையல் லைனில் காண்ட்ராக்டில் இருந்த சத்யப்பிரியா, ஸ்டோரில் இருந்த கொம்பையா, மெயின்டனன்ஸ் பாலாஜி, பிறகு பெனிட்டா. கொம்பையா சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். மனைவி இசக்கிசெல்வியோடு ஒரகடத்தில் வாடகைக்கு இருந்தான்.

இவர்களில் டெனிசன் சுட்டால் தப்பாது. அதுதான் பிரச்சினையாகவும் இருந்தது. சுற்று ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்லாமல் தனியே ஓடுவான். இரண்டு பேரைச் சாய்ப்பான். மூன்றாவது ஆள் அவனைச் சாய்ப்பான். பின்னால் சிதறி நின்ற நாலு பேரும் ஒவ்வொருவராகச் சாவார்கள். பிறகு யாரால் தோற்றோம் என்று ஒரு சண்டை. வாரக்கணக்கில் இதே கதைதான்.

ஒரு வார விடுமுறை நாள் மத்தியானம், வல்லக்கோட்டையில் இருந்த பாலாஜி வீட்டுக்கு எல்லோரையும் பெனிட்டா வரச்சொன்னாள். தோற்ற ஆட்டங்களின் பதிவை டிவியில் போட்டாள். டெனிசன் தன் தலை திரையில் வரும்போதெல்லாம் சிரித்தான்.

"என் கில்லு பாத்தியா பெனி? ஒரே மேட்ச்ல எவ்ளோ!"

"உன் கில்ல வெச்சிகினு நான் இன்னாடா பண்றது? ரவுண்டு போச்சில்ல? நீ செத்த எடத்துல உன் பின்னால யாரு கீறாங்க, சொல்லு."

"யாரும் இல்ல. அவனுங்க வரல. அதுக்கு நானா பொறுப்பு?"

"நீ போறேன்னு சொன்னாதான வருவாங்க!"

அவள் திரையை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். டெனிசனைச் சுட்டவன் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியில் தோட்டா தீர்ந்து நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரே ஒருவர் இருந்திருந்தால் அவனும் அங்கேயே விழுந்திருப்பான். கொம்பையா நாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா டெனிசா, நீ செத்ததுக்கு ஒரு பலனும் இல்லாமலே போயிருக்கு" என்றான்.

அன்றைக்கு அவர்கள் சில விஷயங்களை முடிவு செய்தார்கள். யாரும் தனியே போகக் கூடாது. முன்னால் போகிறவர் விழுந்தால், ஒட்டி வருகிறவர் அந்த நொடியே வீழ்த்தியவனைச் சுட வேண்டும். மைக்கில் இடமும் ஆள் எண்ணிக்கையும் மட்டும்தான் வரவேண்டும், திட்டு வரக்கூடாது. செத்தவர் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. செத்தவனுக்குத்தான் எல்லா ஞானமும் வருகிறது.

யார் முன்னால் போவது என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னால் போகிறவர் பெரும்பாலும் செத்துப்போவார். யார் எத்தனை பேரைச் சாய்த்தார் என்று ஆட்டம் முடிந்து வருகிற கில் பட்டியலில் அவர் பெயர் கீழே கிடக்கும். "சரி, நானே போறேன்" என்றாள் பெனிட்டா. எங்கே போவது, எப்போது போவது என்று முடிவு சொல்கிற பொறுப்பும் அவளிடமே வந்தது.

அவள் யோசித்த திட்டங்களில் எல்லோருக்கும் பிடித்தது ஒரு பொய்த் தாக்குதல். பாலாஜியும் கொம்பையாவும் ஏ பக்கம் புகைக்குண்டு வீசி, ஓடி, சுட்டு, ஐந்து பேர் வருகிற மாதிரி கூச்சல் கிளப்புவார்கள். மற்ற மூவரும் பி வாசலில் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். எதிரிகள் பி-யை விட்டு ஏ-வுக்கு ஓடுகிற காலடிச் சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை நகரக் கூடாது. கேட்டதும் பெனிட்டா உள்ளே. அவளை ஒட்டி சத்யப்பிரியா. அவளுக்குப் பின்னால் டெனிசன். முதலில் டெனிசனுக்குப் பொறுமை இல்லை. காலடி கேட்கும் முன்பே பாய்ந்து கெடுத்தான். பெனிட்டா விடவில்லை. விடுமுறை நாட்களெல்லாம் அதையே திரும்பத் திரும்ப ஆடவைத்தாள். ஒரு கட்டத்தில் அவனும் நின்றான். அதன்பிறகு அவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

வட்டாரத்துத் தொழிற்சாலைகள் சேர்ந்து தொழிலாளர்களுக்கு ஒரு போட்டி நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. மனிதவளப் பிரிவில் இருந்த ஏகாம்பரநாதன் அணியைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் தைக்கக் கொடுத்தார். அடுத்த வாரம் பெனிட்டாவை மட்டும் தனியே கூப்பிட்டார். அறையில் பிளானிங் பிரிவின் பயிற்சி என்ஜினீயர் சிவசங்கர் உட்கார்ந்திருந்தான்.

"பெனிட்டா, தப்பா எடுத்துக்காதம்மா. உங்க டீம் ஸ்கோரெல்லாம் பாத்தேன். உன் கில்தான் ரொம்பக் கம்மியா இருக்கு. சாவறதும் நீதான் அதிகம். சிவசங்கருக்கு ஸ்கோர் நல்லா இருக்கு. உனக்குப் பதிலா அவர் ஆடட்டும்."

பெனிட்டா சிவசங்கரை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் முன்னாடி போறதாலதான் சாவறேன். நான் போனாதான் பின்னால வர்றவங்க சுட முடியும். எங்க போவணும்னு சொல்றதே நான்தான் சார்."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ கோ-ஆர்டினேட்டரா வா. நம்ம பசங்களுக்கு டிபன், தண்ணியெல்லாம் பாத்துக்க. உனக்கும் டி-ஷர்ட் உண்டு."

"டிபன் பாக்கறதுக்கா சார் நான் டீம் சேத்தேன்?"

"கேம்தானேம்மா. இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷனா?"

வெறும் கேம் என்றால் சிவசங்கரை ஏன் அவசரமாக உள்ளே நுழைக்க வேண்டும்? இந்தக் கேள்வி அவளுக்கு லைனுக்குத் திரும்பிய பிறகுதான் தோன்றியது. அதை அங்கேயே கேட்காமல் வந்துவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

போட்டி ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. போகக் கூடாது என்றுதான் பெனிட்டா நினைத்திருந்தாள். ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. சொந்தச் சுடிதாரில் போய், கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய திரையில் ஆட்டம் ஓடியது. ஏ பக்கம் புகை எழும்பியது. பாலாஜியும் கொம்பையாவும் கூச்சல் கிளப்பினார்கள். மற்றவர்கள் பி வாசலில் நின்றார்கள். காலடிக்குக் காத்திருந்து உள்ளே போனார்கள். அவள் சொல்லிக்கொடுத்த அதே நிதானம், அதே வரிசை. அவள் இடத்தில் மட்டும் சத்யப்பிரியா முன்னால் போய்ச் செத்துக்கொண்டிருந்தாள். சிவசங்கர் மைக்கில் சொல்கிற வார்த்தைகள் ஒலிபெருக்கியில் கேட்டன. ஒவ்வொன்றும் பெனிட்டாவின் வார்த்தை. பழைய பயிற்சிப் பதிவுகளையெல்லாம் டெனிசன்தான் அவனுக்கு அனுப்பியிருந்தான்.

அணி ஜெயித்தது. மேடையில் தொகுப்பாளர் சிவசங்கரிடம் மைக்கை நீட்டி ரகசியம் என்னவென்று கேட்டார்.

"புரொடக்‌ஷன் பிளானிங்ல பண்றதத்தான் கேம்ல அப்ளை பண்ணேன். அந்தப் பொய் அட்டாக் ஐடியாவெல்லாம் அப்படி வந்ததுதான்" என்றான் சிவசங்கர்.

கைதட்டல் எழுந்தது. மேடையில் நின்ற நாலு பேரில் ஒருவராவது ஏதாவது சொல்வார்கள் என்று பெனிட்டா காத்திருந்தாள். டெனிசன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலாஜி கூடச் சேர்ந்து கைதட்டினான். அவள் எழுந்து நின்றாள்.

"அது என் பிளானு! அவருது இல்ல! கேளுங்க, அவங்களையே கேளுங்க!"

தொகுப்பாளர் சிரித்தார். "பாருங்க, சாருக்கு எவ்ளோ தீவிர ரசிகை!" மண்டபம் முழுக்கச் சிரித்தது. மேடையில் நின்ற நாலு பேரும் அப்போதும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் யாரையும் விடவில்லை. டிரைவர் முனிரத்தினம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"ஏன்டி, நீ கூடவா?" என்றாள் சத்யப்பிரியாவிடம்.

சத்யப்பிரியா அழுதுவிட்டாள். "நான் இன்னாக்கா பண்றது? காண்ட்ராக்ட்ல கீறேன். ஏகாம்பரநாதன் சாரப் பகைச்சிகினா அடுத்த வாட்டி பேர எடுத்துடுவாரு. வூட்ல நான் ஒருத்திதான்க்கா சம்பாதிக்கறேன்."

அதற்கு மேல் அவளைக் கேட்க பெனிட்டாவுக்கு மனம் வரவில்லை. டெனிசன் பக்கம் திரும்பினாள். "நீ பெர்மனென்ட்டு. நீ வாயத் தொறந்தா உன் வேல போயிடுமா?"

"ஜெயிச்சது நம்ம கம்பெனிதான பெனி. வுடேன்."

"கம்பெனியாடா பாலாஜி வூட்டுல வந்து உனக்கு நிக்கக் கத்துக் குடுத்துச்சு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் பஸ் ஏறும்போது கொம்பையா பின்னால் வந்தான். "நானும் இனி அங்க ஆட மாட்டேங்க்கா. ஒங்க கூட வாரேன்."

"மேடையில நின்ன ஆளுதான நீ? அப்ப வாய்ல இன்னா இருந்திச்சி?"

"நாக்கு எழும்பலக்கா. வெக்கமாத்தான் இருக்கு."

அவள் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. பிறகு, வா என்றாள்.

புது அணி சேர்ப்பது லேசாக இல்லை. கொம்பையாவின் மனைவி இசக்கிசெல்வி வந்தாள். ரோஸி வந்தாள். இன்னும் ஒரு ஆள் வேண்டும். ஒருநாள் பஸ் ஆலை வாசலில் நிற்கும்போது முனிரத்தினம் தானாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் வரலாமா? என் கை வேகமா ஓடாது. வயசாச்சில்ல. ஆனா ஒரு எடத்துல நில்லுன்னா நிப்பேன். ஒரகடம் சிக்னல்ல நிக்காத நிப்பா?"

வீட்டில் இதைக் கேட்டு ரோஸி சிரித்தாள். பெனிட்டா சிரிக்கவில்லை. தடுக்கும் பக்கம் ஆடும்போது, கூச்சலுக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிற ஆள்தான் கிடைக்கவே மாட்டார்.

ஆனால் முதல் வாரங்களில் எல்லாம் தோல்விதான். அதற்குக் காரணம் பெனிட்டாவேதான். மண்டபத்தில் அடங்காத கோபத்தையெல்லாம் அவள் மைக்கில் கொட்டினாள். யாராவது ஒரு அடி பிந்தினால் கத்தினாள். ஒரு ஆட்டத்தின் நடுவில் இசக்கிசெல்வி மைக்கை அணைத்துவிட்டாள். முடிந்ததும் பெனிட்டா ஏன் என்று பாய்ந்தாள்.

இசக்கிசெல்வி பயப்படவில்லை. "அக்கா, நீங்க ஏசுனா எனக்குக் கை ஆடிருது. எங்க நிக்கணும், எத்தன பேரு வாரான், அத மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்குக் கோவம் அவிய மேல. எங்க மேல ஏன் காட்டுதிய?"

கொம்பையா அவளைத் தடுக்கப் பார்த்தான். பெனிட்டா, "வுடு, அவ சொல்றது சரி" என்றாள். திட்டு வரக்கூடாது என்ற விதியைப் போட்டவளே அதை மீறிக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் தன் குரலையே பதிவில் கேட்டபோது, பாதி நேரம் இடமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, வெறும் கத்தல்தான் இருந்தது. கோபம் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அதை மைக்குக்கு வெளியே வைத்தாள். தோற்ற பதிவுகளைப் பார்த்துப் பழைய திட்டங்களில் பாதியைக் கழித்துக் கட்டினாள். முனிரத்தினத்தின் நிதானத்துக்கும் ரோஸியின் அவசரத்துக்கும் ஏற்ற மாதிரி வேறு திட்டங்கள் யோசித்தாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, குன்றத்தூரில் ஒரு கேமிங் சென்டர்காரர் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று ஒரு போட்டி வைத்தார். அரையிறுதியில் எதிரே வந்து உட்கார்ந்தது கம்பெனி அணி. சிவசங்கர், டெனிசன், பாலாஜி, சத்யப்பிரியா, ஐந்தாவதாகப் புது ஆள் ஒருவன். டெனிசன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

முதல் சுற்றில் கம்பெனி அணிதான் தாக்கியது. ஏ பக்கம் புகை எழுந்தது. ஓட்டம், வெடிச் சத்தம்.

"அக்கா, எல்லாரும் ஏ-க்கு வராங்க!" என்றாள் ரோஸி.

பெனிட்டாவுக்கு நம்பவே முடியவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு அசைவைக்கூட அவர்கள் மாற்றவில்லை.

"யாரும் நகராதீங்க. அங்க ரெண்டு பேருதான். மிச்ச மூணு பேரும் பி-ல நம்ம காலடி கேக்குமான்னு நின்னுகினு கீறாங்க. கொம்பையா, நீ மட்டும் ஏ-க்குச் சத்தமா ஓடிட்டு நில்லு. அவங்களுக்குக் கேக்கட்டும். முனிரத்தினம் அண்ணே, நீங்க நில்லுங்க."

"நிக்கறேன்மா."

அந்தக் காலடியை எல்லோரும் ஓடுகிற சத்தம் என்று நம்பிக் கம்பெனி அணியின் மூவரும் பி-க்குள் வந்தார்கள். முனிரத்தினம் முதல் ஆளைச் சாய்த்தார். பெனிட்டாவும் இசக்கிசெல்வியும் மற்ற இருவரையும்.

எல்லாச் சுற்றும் இவ்வளவு சுலபமாகப் போகவில்லை. டெனிசனின் குறி இன்னும் அப்படியேதான் இருந்தது. அவன் ஒருவனே சில சுற்றுகளைப் பிடுங்கினான். ஆனால் திட்டம் பலிக்காதபோது என்ன செய்வதென்று சிவசங்கருக்குத் தெரியவில்லை. அதே வார்த்தைகளை இன்னும் உரக்கச் சொன்னான். பிறகு டெனிசன் அவன் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டுத் தனியே ஓட ஆரம்பித்தான். பக்கம் மாறித் தாக்கும் முறை வந்ததும் பெனிட்டா முன்னால் போனாள். அவள் விழுந்த நொடியில் இசக்கிசெல்வி பின்னால் இருந்தாள். கொம்பையா குண்டு வைத்தான். ஆட்டம் முடிந்தது.

சிவசங்கர் எழுந்து நேராகப் போட்டி நடத்துகிறவரிடம் போனான்.

"இது செல்லாது. இந்தப் பொண்ணு எங்க டீம்ல கோ-ஆர்டினேட்டரா இருந்தவங்க. எங்க ஸ்ட்ராடஜி எல்லாத்தையும் திருடிட்டுப் போய் ஆடறாங்க."

பெனிட்டாவுக்குக் காதெல்லாம் சுட்டது. "திருடுனேனா? நானா?" அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் முனிரத்தினம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நடத்துகிறவர் குழம்பிப்போய்க் கம்பெனி அணியைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

டெனிசன் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "இல்ல. அது அவளோடதுதான். எங்களுக்குக் கத்துக் குடுத்ததே அவதான்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். சுற்றி நின்ற பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அவன் நன்றியை எதிர்பார்த்த மாதிரி அவள் பக்கம் பார்த்தான். அவளுக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "இவ்ளோ சுலபமாடா இது? ஒரு வார்த்த. அன்னிக்கு மண்டபமே சிரிச்சப்ப இதச் சொல்ல உனக்கு இன்னாடா கேடு?"

அவன் வெளியே போய்விட்டான். இறுதி ஆட்டத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு அணி பெனிட்டாவின் அணியைத் தோற்கடித்தது. நன்றாக ஆடித் தோற்றார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

விஷயம் ஆலைக்குள் பரவியது. ஏகாம்பரநாதன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை நாற்காலி காட்டினார்.

"அடுத்த போட்டிக்கு நீதான்மா கேப்டன். கம்பெனி பேர்ல ஆடு."

"ஆடறேன் சார். அதுக்கு முன்னாடி, அன்னிக்கு சிவசங்கர் சார் மைக்ல சொன்னது பொய்யின்னு மைக்லயே சொல்லணும். கேன்டீன்ல எல்லார் எதிர்லயும் சொன்னா போதும்."

அவர் சிரித்தார். "முடிஞ்சு போன கதைய எதுக்கும்மா கிளறிகிட்டு? அதான் கேப்டனே ஆக்கறேன்னு சொல்றனே."

"எனக்கு இன்னும் முடியல சார்" என்று சொல்லிவிட்டு அவள் லைனுக்குப் போனாள். கேன்டீனில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் கம்பெனி பெயரில் ஆடவில்லை.

அடுத்த மாதம் சத்யப்பிரியாவின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. ஆர்டர் குறைந்துவிட்டது என்றார்கள். யாரையும் பகைக்காமல், மேடையில் வாயைத் திறக்காமல், சொன்னபடியெல்லாம் முன்னால் போய்ச் செத்த பெண் அவள். அவள் வேலையைக் காப்பாற்ற ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மண்டபத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்ததைவிட இதுதான் பெனிட்டாவை அதிகம் எரித்தது. ஏகாம்பரநாதனின் அறை வாசலில் போய் நின்று, பதில் கிடைக்காது என்று தெரிந்தே ஏன் என்று கேட்டுவிட்டு வந்தாள். முனிரத்தினம் மற்ற பஸ் டிரைவர்களிடம் விசாரித்து, ஒரகடத்தில் இன்னொரு ஆலையில் தையலுக்கு ஆள் எடுப்பதைத் தெரிந்து சொன்னார்.

வேலை கிடைத்த வாரம் சத்யப்பிரியா குன்றத்தூருக்கு வந்தாள். ரோஸிக்குப் பரீட்சை, அவள் இடம் காலியாக இருந்தது. உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றவளை அப்பா யாகப்பன்தான், "வாம்மா, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பெனிட்டா அவளிடம் பழையதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "புது பிளான் ஒண்ணு கீது. மொதல்ல கேட்டுக்க" என்று கைபேசியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள்.